காசநோயா, கல்தூசியா? கோலார் தங்கவயலும் மருத்துவமனைத் தொடர்களின் துல்லியமும்

மருத்துவமனைத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நோய்களும் சிகிச்சைகளும் மருத்துவ அறிவியலோடு எந்த அளவு பொருந்துகின்றன என்பது இன்று ஊடக ஆய்விலும் மருத்துவக் கல்வியிலும் தனியொரு ஆய்வுப் பொருளாக வளர்ந்துள்ளது. இப்பதிவு அக்கேள்வியைக் கோலார் தங்கவயலின் வரலாற்றிலிருந்து அணுகுகிறது. அமெரிக்கத் தொடர்களையும் மைசூர் நாட்டுச் சுரங்கத்தையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாப் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் ‘துல்லியம்’ என்று நாம் சொல்வது எதனோடு ஒப்பிட்டு அளக்கப்படுகிறது என்ற கேள்விக்குத் தங்கவயலைவிடத் தெளிவான விடை தரும் இடம் இந்தியாவில் அரிது.

முதலில், அளக்கும் மரபைப் பார்ப்போம். 1955இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கென மருத்துவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1960களில் பெரும்புகழ் பெற்ற ‘பென் கேசி’, ‘டாக்டர் கில்டேர்’ போன்ற தொடர்களின் கதையேடுகள் அக்குழுவின் பார்வைக்குச் சென்றன. மருந்தின் பெயரும் அறுவை முறையும் சரியா என்று பார்த்த அதே கண்கள், மருத்துவர் என்ற பிம்பத்துக்குக் குறை நேர்கிறதா என்றும் பார்த்தன. துல்லியத்துக்குச் சான்று தரும் உரிமையும் பிம்பத்தைக் காக்கும் அக்கறையும் ஒரே கையில் இருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

பின்னர் வந்த ஆய்வுகள் எண்களால் அளந்தன. 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, ‘இ.ஆர்.’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ ஆகிய தொடர்களில் நின்றுபோன இதயத்தை மீட்கும் முயற்சி 60 முறை காட்டப்பட்டதைக் கணக்கிட்டது. அவற்றில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்தனர். 67 விழுக்காட்டினர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்புவதாகத் தோன்றியது. உண்மை வாழ்வில் பிழைப்போர் இதைவிட மிகக் குறைவு. 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ‘கிரேஸ் அனாட்டமி’ தொடரில் காயமுற்று வந்த 290 கற்பனை நோயாளிகளை 4,812 உண்மை நோயாளிகளோடு ஒப்பிட்டது. தொடரில் இறந்தோர் 22 விழுக்காடு. உண்மையில் 7 விழுக்காடு. ஒன்றில் சாவு குறைத்துக் காட்டப்பட்டது, மற்றொன்றில் கூட்டிக் காட்டப்பட்டது.

இவ்வாய்வுகள் பயனுள்ளவை, ஐயமில்லை. ஆனால் இவை அனைத்தும் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன. மருத்துவமனைப் பதிவேடு உண்மையைச் சொல்கிறது. தொடரை அதனருகே வைத்துப் பார்த்தால் போதும் என்பதே அந்த எடுகோள். பதிவேடே உண்மையின் ஒரு பகுதியை மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் கோலார் நம் பேச்சுக்குள் வருகிறது.

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் தங்கவயல் பெருஞ்சுரங்க நகரமாக வளர்ந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் பெயர்களே ஊர்ப்பகுதிகளின் பெயர்களுமாயின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளர்களே, அவர்களுள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே, நிலத்தடியில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். நிறுவனத்துக்கெனத் தனி மருத்துவமனை இருந்தது. வேலை தருவோரும் வைத்தியம் பார்ப்போரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தனர்.

தங்கம் படிகக்கல் படிவங்களில் இருந்தது. காற்றழுத்தத் துளைக்கருவியால் அக்கல்லைக் குடைந்து, வெடி வைத்துத் தகர்த்து, வாரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கல் தூசியாகிறது. அத்தூசியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி அவ்வளவு கொடிதன்று. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சில மைக்ரான் அளவே உள்ள நுண்துகள்தான் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கிறது. அங்கே அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் சிலிகாவை விழுங்குகின்றன. அழிக்க இயலாமல் தாமே அழிகின்றன. அழிந்த இடத்தில் வடுத்திசு முளைக்கிறது. பல்லாண்டுகளில் வடுக்கள் முடிச்சுகளாகத் திரண்டு, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுவே சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தூசியிலிருந்து விலகிய பின்னும் நோய் முற்றக்கூடும்.

இந்நோயின் வரலாற்றில் எல்லாச் சிக்கலும் இனிவரும் இரண்டு உண்மைகளிலிருந்தே பிறக்கிறது. முதலாவது, இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு ஆகிய இதன் அறிகுறிகள் காசநோயின் அறிகுறிகளைப் பெரிதும் ஒத்தவை. இரண்டாவது, சிலிகா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும். எனவே நோயாளியின் சளியைச் சோதித்துக் காசநோய்க் கிருமியைக் கண்ட மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை, ஆனால் பாதி உண்மை. எஞ்சிய பாதியை அறியச் சளிச் சோதனை போதாது. எக்ஸ்ரே படம் வேண்டும். அதனோடு ‘எத்தனை ஆண்டுகள், எந்த வேலை செய்தாய்?’ என்ற கேள்வியும் வேண்டும். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், நோயாளியிடம் அவன் தொழிலைக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார். கேள்வி பழையது, அதைக் கேட்பதற்கான சூழல் எல்லா இடத்திலும் இருக்கவில்லை.

எந்தப் பாதி பதிவேட்டில் ஏறுகிறது என்பதில் பெருவேறுபாடு உண்டு. காசநோய் என்று எழுதினால், காரணம் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது. நெருக்கமான குடியிருப்பு, போதாத உணவு, குடிப்பழக்கம், சுகாதாரமின்மை என்று பழி அவன்மீதே திரும்புகிறது. சிலிகோசிஸ் என்று எழுதினால், காரணம் சுரங்கத்துக்குத் திரும்புகிறது; அதனோடு இழப்பீட்டுக் கேள்வியும் எழுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இணைக்கப்பட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தொடக்கத்தில் சிலிகோசிஸ் இடம்பெறவில்லை. தென்னாப்பிரிக்காவிலோ சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு தரும் சட்டம் 1910களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆயினும் அங்கும் அதன் பயன் வெள்ளைத் தொழிலாளருக்குக் கிட்டிய அளவு கறுப்பினத் தொழிலாளருக்குக் கிட்டவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய கறுப்பினத்தவர் தம் கிராமங்களில் இறந்தனர். அச்சாவுகள் சுரங்கத்தின் கணக்கில் ஏறவில்லை. சுரங்கத்தை விட்டு நீங்கும் நோயாளி சுரங்கத்தின் புள்ளிவிவரத்தை விட்டும் நீங்கிவிடுகிறான். வேலையில் எஞ்சியிருப்போரை மட்டும் எண்ணினால் எந்தச் சுரங்கமும் நலமானதாகவே தோன்றும்.

இப்பின்னணியில் 1933ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த புவியியலாளர் டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் அவ்வாண்டு ‘ஜர்னல் ஆஃப் ஹைஜீன்’ இதழில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சிலிகோசிஸை உண்டாக்குவது தனிச் சிலிகா அன்று; செரிசைட் என்னும் கனிமத்தின் நுண்ணிழைகளே என்பது அவர் கோட்பாடு. அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று கோலார். அங்கே பாறையில் சிலிகா மிகுதி, ஆனால் நோய் இல்லை. ஆகவே சிலிகா குற்றவாளி அன்று என்பது வாதத்தின் அமைப்பு. அளவையியலில் குறையில்லை. குறை முதற்கூற்றில் இருந்தது. ‘நோய் இல்லை’ என்பதும் ‘நோய் பதிவாகவில்லை’ என்பதும் ஒன்றாகக் கொள்ளப்பட்டன.

அடுத்த ஆண்டே, 1934இல், இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் அறிக்கை வந்தது. அது வந்த இடம் கோலார் தங்கவயல். 1940இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளை இயற்றியது. 1940 முதல் 1946 வரை நடந்த கணக்கெடுப்பில் 7,653 தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் இருப்பது தெரியவந்தது. சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர். பல்லாண்டுகளில் முற்றும் நோய் ஒன்று சில ஆண்டுகளில் இத்தனை நுரையீரல்களில் புதிதாகத் தோன்றியிருக்க இயலாது. நோய் முன்பே இருந்தது. புதிதாக வந்தது அதைத் தேடும் முறை.

இப்போது ஒரு கற்பனைச் சோதனை செய்வோம். 1925ஆம் ஆண்டுத் தங்கவயல் மருத்துவமனையைக் களமாகக் கொண்டு ஒரு தொலைக்காட்சித் தொடர் இன்று எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் மிகுந்த பொறுப்புடையவர். அக்காலப் பதிவேடுகளைத் தேடிப் படிக்கிறார். மருத்துவ ஆலோசகரை அமர்த்துகிறார். செவிலியர் உடையிலிருந்து மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள் வரை சரிபார்க்கிறார். பதினைந்து ஆண்டுகள் துளைக்கருவி பிடித்த தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டு வருகிறார். மருத்துவர் மார்பில் குழாய் வைத்துக் கேட்கிறார், சளியைச் சோதிக்கிறார், காசநோய் என்கிறார். இக்காட்சியில் ஆவணத்துக்கு மாறான ஒரு சொல்கூட இல்லை. மேலே கண்ட அளவுகோல்கள் அனைத்திலும் இது முழு மதிப்பெண் பெறும். ஆயினும் அத்தொழிலாளி ஏன் சாகிறார் என்ற ஒரே கேள்விக்கு அக்காட்சியிடம் விடை இருக்காது. ஆவணத் துல்லியமும் வரலாற்று உண்மையும் பிரியும் இடம் இது.

இதே நோயை நடுவில் வைத்து எழுதப்பட்ட புனைவு ஒன்று உண்டு. அதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். ஏ. ஜே. குரோனின் 1937இல் வெளியிட்ட ‘தி சிட்டடல்’ நாவல் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியைக் களமாகக் கொண்டது. குரோனின் தாமே மருத்துவர், வேல்ஸில் பணியாற்றியவர், 1924இல் சுரங்கங்களுக்கான மருத்துவ ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர். நாவலின் நாயகன் ஆண்ட்ரூ மேன்சன் கட்டிலருகே காத்திருந்து நோயைக் கண்டுபிடிப்பதில்லை. சுரங்கத் தொழிலாளரை ஒருவர்பின் ஒருவராகச் சோதித்து, யார் எந்த வேலை செய்கிறார் என்று பிரித்து, கடும்பாறையைக் குடைவோரிடமே நுரையீரல் நோய் மிகுதி என்று காண்கிறான். இந்நாவல் 1938இல் திரைப்படமானது; 1971இல் விஜய் ஆனந்த் இயக்கிய ‘தேரே மேரே சப்னே’ என்னும் இந்திப் படத்துக்கு அடிப்படையானது; 1983இல் பிபிசி இதைப் பத்துப் பகுதித் தொடராக ஒளிபரப்பியது.

குரோனின் காட்டிய மருத்துவம் சரியானதா? அவர் காலத்துக்குச் சரி. நிலக்கரிச் சுரங்கத்திலும் குற்றவாளி சிலிகாவே என்பது அன்றைய கருத்து. ஆனால் அவர் நாவல் வெளிவந்த காலத்தில் தெற்கு வேல்ஸில் தொடங்கிய மருத்துவ ஆய்வுகள், நிலக்கரித் தூசியே தனியாக நோயை உண்டாக்கும் என்று பின்னர் நிறுவின. 1943 முதல் அதற்கும் இழப்பீடு வந்தது. ஆகவே 1983இல் தொடரைப் பார்த்தவர் மருத்துவ வரலாற்றில் ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒரு கருத்தையே பார்த்தார். ஆனாலும் அக்கதை பழுதாகவில்லை. முடிவு திருத்தப்பட்டது, முறை நின்றது. வேலையைக் கேள், ஒருவரைப் பார்க்காதே, பலரைப் பார், எண்ணிப் பார் என்பதே அந்த முறை. கோலாரில் 1940களின் கணக்கெடுப்பு செய்ததும் அதுவே.

மருத்துவமனைத் தொடரின் வடிவத்துக்கே உரிய ஒரு தடை இங்கே தெரிகிறது. தொடரின் அலகு ஒரு நோயாளி, ஒரு புதிர், ஒரு பகுதி. சிலிகோசிஸின் அலகு இருபது ஆண்டுகள், ஏழாயிரம் நுரையீரல்கள். திடீர் மயக்கமும் நின்றுபோகும் இதயமும் கேமராவுக்கு ஏற்றவை. மெல்ல மெல்லக் குறையும் மூச்சு ஏற்றதன்று. பிழையான சிகிச்சையைக் காட்டும் தொடரை ஆலோசகர் திருத்தலாம். ஒரு நோயைக் காட்டாமலே விடும் தொடரைத் திருத்த எந்த ஆலோசகரும் இல்லை.

தமிழ்த் திரை மரபிலும் இதைக் காணலாம். பீம்சிங்கின் ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் நாயகன் புற்றுநோய்க்கு மருந்து தேடும் மருத்துவர். அவன் மனைவிக்குக் காசநோய். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முழுக்க முழுக்க மருத்துவமனையிலேயே நிகழ்கிறது, நோயாளிக்குப் புற்றுநோய். இரண்டிலும் நோய் விதியாக வருகிறது. காதலையும் தியாகத்தையும் சோதிக்கும் உரைகல்லாகிறது. அவற்றைக் குறையென்று சொல்வது என் நோக்கமன்று. அவை எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆனால் அம்மரபில் வளர்ந்த பார்வையாளருக்குக் காசநோய் என்றவுடன் நினைவுக்கு வருவது துயரம்; பணியிடம் அன்று. 2024இல் வந்த ‘ஹார்ட் பீட்’ போன்ற இணையத் தொடர்கள் பயிற்சி மருத்துவர்களின் அன்றாட வாழ்வைத் தமிழில் விரிவாகப் பேசத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

தொடர்களால் இதைச் செய்யவே இயலாது என்றும் சொல்லிவிட முடியாது. 2012இல் ஜெர்மனியின் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு ஒரு நோயாளி கடும் இதயச் செயலிழப்போடு வந்தார். காதும் கண்ணும் குன்றியிருந்தன, காரணம் தெரியவில்லை. அவருக்கு உலோக இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மருத்துவப் பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் ‘ஹவுஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரைப் பாடம் நடத்தப் பயன்படுத்துபவர். அதன் ஒரு பகுதியில் வரும் கோபால்ட் நஞ்சு அவர் நினைவுக்கு வந்தது. சோதனையில் அதுவே உறுதியானது. மூட்டை மாற்றியபின் நோயாளியின் நிலை தேறியது. 2014இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. இங்கே தொடர் கற்றுக்கொடுத்தது என்ன? ‘இந்த உடலுக்குள் வெளியிலிருந்து என்ன புகுந்தது?’ என்று கேட்கும் பழக்கத்தை. தங்கவயலில் நெடுங்காலம் கேட்கப்படாதிருந்ததும் அதே கேள்விதான்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனைத் தொடர்களை ஆராய்வோர் ‘சிகிச்சை சரியா?’ என்ற அட்டவணையோடு மேலும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நோயாளியின் தொழில் கதையில் சொல்லப்படுகிறதா? சொல்லப்பட்டால், நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பை மருத்துவர் கேட்கிறாரா? மருத்துவமனை யாருடையது என்பது நோய்க்குப் பெயரிடுவதைத் தொடுகிறதா? இவற்றை எண்ணிக் கணக்கிடலாம், ஒப்பிடலாம், ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதிய பொருள் இதில் உண்டு.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு தன் பணியை நிறுத்தியது. சயனைட் மேடுகள் இன்றும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. 2018 முதல் அவை திரைப்படங்களின் காட்சிக்களமாகவும் புகழ்பெற்றுவிட்டன. சுரங்கம் மூடப்பட்டாலும் நுரையீரலில் படிந்த சிலிகா வெளியேறுவதில்லை. நாட்டின் பிற பகுதிகளில் கல் உடைப்போர், பலகைக்கல் வெட்டுவோர், மணற்கல் செதுக்குவோர் ஆகியோரிடம் இந்நோய் இன்றும் தொடர்கிறது. இன்றும் பலருக்குக் காசநோய் மருந்தே முதலில் தரப்படுகிறது. ராஜஸ்தான் 2019இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுக்க நேர்ந்ததே நோயின் பரப்புக்குச் சான்று. அந்நோயாளிகள் அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போவார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அங்கே இருக்கப்போகும் இளம் மருத்துவர்களில் பலர், மருத்துவராகும் ஆசையைத் தொடர்களிலிருந்தும் பெற்றிருப்பார்கள். ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்ற கேள்வியை அவர்கள் திரையில் ஒருமுறையாவது கேட்டிருந்தால் நல்லது.